மச்சானுக்கு வாங்கிய விஸ்கி

பிராந்திக் கடைகளை மறுபடி திறந்துவிட்டிருந்த காலம். போளூர் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். கைநாட்டு வைக்கச் சொன்னால் எந்த விரல் என்று கேட்கிறவன். அப்படிப்பட்டவன் ஒரு நாள் விஸ்கி வாங்கப் போனேன். குடிக்க அல்ல, பெண்டாட்டியைத் திரும்பக் கூட்டிவர.

தன் தங்கச்சியின் பிரசவத்துக்கென்று ஒடுகத்தூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனவள் அவள். அந்தக் குழந்தை தவழ்ந்து, நடந்து, கோழி துரத்தவும் ஆரம்பித்துவிட்டது. இவள் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. இருந்தால் நாலு பேரை வைத்துப் பேசலாம். இல்லாத சண்டைக்கு யார் பஞ்சாயத்து செய்வார்கள்?

எனக்கிருந்த ஒரே வழி அவள் தம்பி. பட்டாளத்தில் இருந்தான். அந்த வீட்டில் என்னையும் ஒரு ஆளாக மதித்துப் பேசுகிறவன் அவன் ஒருத்தன்தான். போன லீவில் வந்தபோது, "அடுத்த தபா ஜவ்வாது மலையில கேம்ப் போடலாம் மாமா. பாறை மேல படுத்துக்கினு கோழி சுட்டுத் தின்னலாம். நல்ல விஸ்கியா ஒண்ணு வாங்கி வைங்க" என்று சொல்லியிருந்தான். கார்த்திகையில் வருவதாக இப்போது ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். மலைக் குளிரில் ரெண்டு கிளாஸ் உள்ளே போனால் அக்காவைக் கூட்டிவருகிறேன் என்று அவனே சொல்லிவிடுவான் என்பது என் கணக்கு. எனக்குக் கணக்கு வராது என்பதை மறந்துவிட்டேன்.

துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் விஸ்கி என்றேன்.

"இன்னா கம்பெனி?" என்றார் கடைக்காரர்.

"மச்சான் ஒருத்தன்தாங்க. வேற கம்பெனி இல்ல."

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கூடக் குடிக்க யார் யார் உட்காருகிறார்கள் என்று கேட்பதாக நினைத்துவிட்டேன். அவர் கேட்டது சரக்கு செய்கிற கம்பெனி. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆளில்லாத வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நாலு பேரோடு சிரித்தவரைக்கும் லாபம்.

பாட்டில்களை எடுத்து வைத்தார். எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி, அதனால் படத்தைப் பார்த்தேன். ஒன்றில் குதிரை. கழுதை ஒன்று குதிரை வாங்கி வந்திருக்கிறது என்பான் மச்சான். இன்னொன்றில் தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர், அசல் என் மாமனாரின் முறைப்பு. அவரை எதற்கு மலைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? பக்கத்து வரிசையில் ஒரு கோட்டை, பார்க்க வேலூர்க் கோட்டை மாதிரியே இருந்தது. பட்டாளத்துக்காரனுக்குப் பொருத்தம் என்று கை வைத்தேன். அது பிராந்தி என்று பிடுங்கி வைத்துவிட்டு, மான் படம் போட்ட ஒன்றை அவரே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தண்ணீர் கலக்காமல் குடித்தாலும் நெஞ்சு எரியாதாம்.

சொன்ன நாளில் ஒரு கையில் கோழி, ஒரு கையில் பையோடு போளூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். வேலூர் பஸ்ஸிலிருந்து மச்சான் இறங்கினான். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் மணிமாலை, காலில் செருப்பு இல்லை.

"சாமி சரணம்" என்றான்.

ஐயப்பனுக்கு மாலை போட்டவனுக்கு எல்லாரும் சாமிதான். கண்டக்டரும் சாமி, டீக்கடைக்காரரும் சாமி, நானும் சாமி. மாமா என்று கூப்பிட்டிருந்தால் உறவு இன்னும் பாக்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டிருப்பேன். இதை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது?

கோழி அந்த நேரம் பார்த்துக் கொக்கரித்தது. அவன் காதில் விழாத மாதிரி நின்றான். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததால் வந்தானாம். கோழியை டீக்கடையில் விட்டுவிட்டு மலை பஸ் ஏறினோம். பையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஓடையோரப் பாறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் குளிரில் முழுகி எழுந்து சரணம் சொன்னான். விரதக்காரன் என் கையால் சாப்பிட மாட்டான். அவனுக்கு ஒரு அடுப்பு, எனக்கு ஒரு அடுப்பு. ஒரே பாறையில் ரெண்டு குடும்பம். அவன் எதிரில் பாட்டிலைத் திறக்க முடியுமா? கேட்க வேண்டியதைப் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சாமி."

"சொல்லுங்க சாமி."

"உங்க அக்கா சாமி எப்போ வருது?"

விறகைத் தள்ளிவிட்டான். மாலை போட்டுக்கொண்டு பொய் சொல்லக் கூடாது என்றான்.

"அக்கா வராது சாமி. பால்வாடில ஆயா வேல கெடச்சிருக்குது. நல்லாருக்குது. பசங்களோட ஒரே சிரிப்புதான்."

"சிரிக்குதா?"

"சிரிக்குது சாமி."

நான் வாயைத் திறந்தால் மண்டியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். வீட்டில் அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. பல்வலி போல என்று இருந்துவிட்டேன். அதை மச்சானிடம் சொன்னேன். அவனும் சிரிக்கவில்லை. என் அடுப்பு அணைந்துபோயிருந்ததைப் பார்த்து, தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

காலையில் கீழே போகிற பஸ் வந்தது. மண்டிக்காரருக்குப் புளி பார்த்து வைக்க வேண்டும், நீங்கள் போங்கள் சாமி என்றேன். கார்த்திகையில் எந்த மரத்திலும் புளி பழுக்காது என்று அவனுக்கும் தெரியும். என் கையில் பாட்டில் இருந்த பையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டான்.