பங்களாக் கதவுக்கு வைத்த ரப்பர்

எங்கள் வீட்டு முன்கதவு ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துத் துரையின் பங்களாவில் இருந்தது. நான் அங்கே பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய நாளில், பங்களாவுக்கு ஏதும் வேலையாகப் போனால் பின்னால் குசினிப் பக்கம், சமையல்கட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த முன்கதவைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. தோட்டத்தை விற்றுப் பங்களாவை இடித்தபோது, என் வீட்டுக்காரர் கதவைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிப் புக்கிட் ரம்பாய்க்குக் கொண்டுவந்து இந்த வீட்டில் மாட்டினார்.

"இனிமே நீ இது வழியாத்தான் போவணும், வரணும்" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நான் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வாசல் நிலைக்குத் தக்கபடி கதவை அறுத்து இழைத்ததில் சுற்றிலும் இடுக்கு விழுந்திருந்தது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. போன வருஷம் மகன் ஹாலில் ஏர்கோன் மாட்டினான். அன்றைக்குப் பிடித்தது சனி.

"குளிரு பூரா கதவு வழியா ஓடுதும்மா. இதக் கழட்டிட்டு அலுமினியக் கதவு போட்டுடலாம்லா."

"கதவு எங்கயும் போவாது. இடுக்க நான் அடைக்கிறேன்."

மருமகள் சிரித்தாள். "அத்தை ஏணியில ஏறப் போறாங்களாம். போன எடுங்க, படம் பிடிக்கலாம்!"

ஏணி எதற்கு? நாற்காலி போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது தட்டைக் கதவோரமாக மெல்ல நகர்த்தினேன். புகை எங்கெங்கே வளைந்ததோ அங்கெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டேன். வீட்டுக்காரருடைய பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இரண்டாக மடித்து, சின்ன ஆணியாகப் பார்த்து நிலையில் அடித்தேன். முப்பது வருஷம் ரப்பரோடு கிடந்தவளுக்கு இது ஒரு வேலையா? மூன்று நாளில் முடித்தேன். மறுபடியும் சாம்பிராணி காட்டினேன். புகை நேராக எழுந்தது. மகன் கையை வைத்துப் பார்த்தான், அலுமினியக் கதவுப் பேச்சையே விட்டான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அது வெயில் காலம். மரம் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதை நினைக்கவில்லை. மருமகள் சிரித்த சிரிப்புதான் மண்டைக்குள் இருந்தது. வருஷக் கடைசி மழை பிடித்ததும் பலகை ஊதியது. கதவு இறுகிப்போனது. மகன் தோளால் இடித்தும் அசையவில்லை.

"ஆசாரியக் கூப்பிட்டு லேசா இழைக்கச் சொல்லுடா."

"எதுக்கும்மா? இப்பத்தான் காத்தே போவல. வரிசையில கோடி வீடுதானே, குசினிக் கதவுல போயி சுத்திக்கிட்டா போச்சு."

அன்றைக்கே சோபாவைக் கதவோடு சேர்த்துப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கதவு இருக்கணும்னுதானே கேட்டீங்க, அத்தை? இருக்குல்ல!" என்றாள் மருமகள்.

மழை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் குசினி வழியாக இறங்கி, சுவரோரமாகச் சுற்றி வந்து, வெளியே நின்றபடி நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறேன். போன வாரம் மனசு கேட்கவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. பூட்டைத் திறந்து தள்ளினேன். மரம் காய்ந்திருந்ததால் கதவு இளகியது. இரண்டு விரல் அளவு திறந்து சோபாவில் முட்டி நின்றது.

உள்ளே இருந்து மருமகளின் குரல் வந்தது. "யாரு, அத்தையா? குளிரு போவுது, சாத்துங்க!"

சாத்திப் பூட்டினேன். குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தேன்.