மூலைக்கு மூலை பொருந்தும் கல்

தோல் பதனிடும் ஷாப்புக்குத் தரை போடுகிறவனுக்கு முதல் எதிரி சுண்ணாம்புத் தண்ணீர். தோலில் மயிர் உதிர ஊறவைக்கும் அந்தத் தண்ணீர், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்கித் தரையையே தின்றுவிடும். இடுக்கு கம்மியாக வேண்டுமென்றால் கல் பெரிதாக இருக்கவேண்டும். எப்படித் திருப்பினாலும் உட்காரச் சதுரமாகவும் இருக்கவேண்டும். துண்டுக் கல் கூடவே கூடாது. ஆக, அறையின் நீளம் ஒரு எண், அகலம் ஒரு எண், இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கும் பெரிய எண் எது? அளவுக்கோலும் கையுமாய் அலைந்த சகோதரர்களே, இந்தக் கேள்வியில் நீங்களும் நொந்திருப்பீர்கள்.

நான் சின்னப்பன் மேஸ்திரியிடம் அளவுக்காரன். ஆம்பூரில் கரீம் சாயபு புது ஷாப்பு கட்டினார். மூன்று அறைக்கு ஒழுங்காகத் தரை போட்டுக் காட்டினால், தோல் ஊறும் குழி வேலை மொத்தமும் எங்களுக்கு என்றார். கிடைக்காவிட்டால் மேஸ்திரி நெமிலிக்குத் திரும்பி மச்சான் வயலில் ஏர் பிடிக்கவேண்டும். மச்சான் முகத்தில் விழிப்பதைவிடச் சுண்ணாம்புக் குழியில் விழலாம் என்பார் அவர்.

அவசரச் சம்பந்தம்

முதல் அறை இருபத்தெட்டடி நீளம், இருபதடி அகலம். என் கூட்டாளி ஏசுதாஸ் இரண்டை வைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் சரியாக வகுபட்டது. அவ்வளவுதான், இரண்டடிக் கல்லை ரயிலில் வரவழைக்கச் சொல்லிவிட்டு வர ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டான். இன்னும் மேலே போய்ப் பார்த்தால்தானே? மூன்று ஆகாது. நாலு இரண்டு பக்கத்துக்கும் ஆகிறது. ஐந்து இருபதுக்கு மட்டும், ஏழு இருபத்தெட்டுக்கு மட்டும். அதற்கு மேலும் எதுவும் தேறவில்லை. மேஸ்திரி அவனை வாசலிலேயே மடக்கினார்.

"மொதல் ஜாதகம் பொருந்திச்சின்னு தாலி கட்டிட்டு வந்துடுவியாடா? அடுத்த வீட்லயும் போய்ப் பாருடா!"

பிடிவாத அறை

இரண்டாவது அறை இருபத்தோரடிக்குப் பதினாறு. பதினாறிலிருந்து கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எட்டு, நாலு, இரண்டு எல்லாம் பதினாறோடு சிநேகம். இருபத்தொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழும் மூன்றும் இருபத்தொன்றின் ஆட்கள். மிஞ்சியது ஒன்றுதான். ஓரடிக் கல் போட்டால் தரை முழுக்க இடுக்கு, குழி வேலை கோவிந்தா!

நல்லவேளை, ஒரு பக்கச் சுவர் இடுப்புயரம்தான் எழும்பியிருந்தது. அதை ஓரடி உள்ளே தள்ளிவைத்தால் பதினாறு பதினைந்தாகும், மூன்றடிக் கல் இரண்டு பக்கமும் உட்காரும். பயந்து பயந்து சொன்னோம். சாயபு தாடியைத் தடவினார்.

"அரே, கல்லுக்காகச் சுவரை இடிக்கிற ஆளுங்களை இப்பதான்யா பாக்கறேன். சரி, இடிங்க. பேஜார் பண்ணாம முடிங்க."

விரல் தடிமன்

மூன்றாவது அறை இருபத்துநாலுக்குப் பதினைந்து. பதினைந்து ஆகவில்லை, ஐந்து ஆகவில்லை, மூன்று ஆனது. மூன்றடிக் கடப்பைக் கல் ரயிலில் வந்து இறங்கியது. ஆனால் நாங்கள் அளந்தது வெறும் செங்கல் சுவர். அதற்குள் பூச்சுக்காரர்கள் புகுந்து நாலு சுவரிலும் விரல் தடிமனுக்குச் சாந்தை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். கல்லை அடுக்கிப் பார்த்தால் கடைசி வரிசை உட்காரமாட்டேன் என்கிறது. செதுக்கினால் துண்டுக் கல். துண்டுக் கல் என்றால் நெமிலி. மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏசுதாஸ் உளியை எடுத்தான். கல்லைத் தொடவில்லை, சுவர் அடியில், கல்லின் கனத்துக்கு மட்டும் பூச்சைக் கொத்தினான். கல் பூச்சுக்கு அடியில் நுழைந்து செங்கல்லைத் தொட்டு உட்கார்ந்தது. சுவரோர இடுக்கையும் பூச்சே மூடிக்கொண்டது. சாயபு குடம் குடமாகத் தண்ணீர் கொட்டச் சொல்லிப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். சாயபு எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

"குழி வேலை உங்களுக்குத்தான் மேஸ்திரி. அதோ, தோண்டியாச்சு, எல்லாம் வட்டக் குழி. இன்னா, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

நீளத்துக்கும் அகலத்துக்கும் பொருந்தும் எண்ணைத் தேடித் தேடி நாங்கள் பிடித்த வேலையில், கடைசிவரை நீளமும் இல்லை, அகலமும் இல்லை.