சீனச் சாடிக்கு வந்த மூடி

அந்த அருங்காட்சியகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவரும் இல்லை. எல்லோருக்கும் அவள் தூசியக்கா. இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கிற சாமான்களை மெல்லிய தூரிகையால் துடைத்து வைப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுடைய அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அங்கே தச்சராக இருந்தார். அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது. அந்தத் தச்சருடைய மாமனாரின் தங்கை மகனுக்குத்தான் இவளுடைய நாத்தனாரைக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் காலமான பிறகு நாத்தனார் பெட்டியோடு வந்து அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிறகு அண்ணனும் போய்ச் சேர்ந்தான். இப்போது அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும்தான்.

பெட்டிகளில் என்னதான் இல்லை? ஜப்பான் அரக்குப் பெட்டி, ஆப்பிரிக்காவில் செதுக்கிய மரமுகம், பாரசீக விளக்கு, எந்த அரசி மூக்கிலோ தொங்கிய வளையம். எது எந்த நாடு என்பதை அட்டை சொல்லும். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் எந்தக் கிண்ணத்தின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறது, எந்தக் குதிரைக்குக் கால் ஆடுகிறது என்று அட்டை சொல்லாததெல்லாம் அவளுடைய விரல்களுக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் மேற்குக் கூடத்தின் கூரை ஒழுகியது. பதிவேடுகள் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயின. சாமான்களை அவசர அவசரமாக மாடிக்குத் தூக்கினார்கள். அப்போதுதான் நீலப்பூப் போட்ட சீனச் சாடியைத் துடைக்கத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து செத்த விட்டில் பூச்சிகள் கொட்டின. பாவம், மூடி இல்லாத சாடி. சமையலறையில் ஒரு பாத்திரம் வாய் திறந்து கிடந்தாலே அவளுக்குத் தூக்கம் வராது. கிடங்கில் ஒரு இழுப்பறையில், பஞ்சு மெத்தையில், வெள்ளிக் கம்பி பதித்த பித்தளை மூடி ஒன்று உடம்பில்லாமல் தனியாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். அளந்து செய்ததுபோல் உட்கார்ந்தது. மூடியின் உட்புறத்தில் கறுப்பாக ஏதோ கிறுக்கல். கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

அது கறை அல்ல, அந்த மூடியின் வரிசை எண். சில வருடம் கழித்துப் பணியாளர்களைக் கூட்டி, “உள்ளே மையில எண் இருக்கும், யாரும் துடைச்சிராதீங்க” என்று மேலதிகாரி சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது.  யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதிவேடும் இல்லை, எண்ணும் இல்லை; அப்படியே போயிருக்கும். பிறகு புதுப் பொறுப்பாளர் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தூசியக்காவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும் தன் அறையிலிருந்த முக்காலியைக் கொடுத்தவள். அவள் கண் அந்தச் சாடியில் விழுந்தது. ஒன்றரை வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதாள். சீனத்துச் சாடிக்கு ஒரு பாரசீக வியாபாரி தன் ஊரில் அளவெடுத்து மூடி செய்திருக்கிறான், இரண்டு தேசம் ஒரு பாத்திரத்தில் சேர்ந்திருக்கிறது என்று நாற்பது பக்கம் எழுதினாள். அடுத்த வாரம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அடுத்த மாதம் வெளிநாட்டு அறிஞர்கள் முன்னால் பேச வேண்டும்.

“இதப் பாருங்கக்கா, எவ்வளவு கச்சிதமா உக்காருது. அளவெடுக்காம இது நடக்குமா?”

“நடக்கும்மா,” என்று தூசியக்காவின் வாயில் வந்துவிட்டது.

“என்ன சொன்னீங்க?”

“நல்லா இருக்கும்மான்னேன்.”

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனார் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“யாருக்குத் தெரியப் போகுது அண்ணி? இன்னும் பதினாலு மாசம்தான் உங்களுக்கு வேலை. இப்பப் போய்ச் சொன்னா இன்னிக்கே கிளம்புன்னு சொல்லிருவாங்க.”

“அந்தப் பொண்ணு நாலு பேர் முன்னாடி நின்னு பேசப் போகுதே. படிச்சவன் எவனாவது எந்திரிச்சு இது பொய்யின்னு சொல்லிட்டா?”

“சொன்னா அது அந்தப் பொண்ணு பாடு.”

“நான் பண்ணின காரியம் அது பாடா?”

“சாடியோட வாயை மூடத் தெரிஞ்சவங்களுக்கு சொந்த வாயை மூடத் தெரியல,” என்றாள் நாத்தனார். ஆனாலும் அன்றிரவு அண்ணியின் தட்டில் அவள்தான் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

காலையில் வாசல் காவலாளி அவள் முகத்தைப் பார்த்தான். “என்னக்கா, எதையாவது ஒடச்சிட்டீங்களா?”

“ஒடச்சிருந்தா பரவால்லடா தம்பி,” என்று உள்ளே போனாள்.

விஷயத்தைச் சொன்னதும் பொறுப்பாளர் முதலில் சிரித்தாள். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தாள். தூசியக்கா அவளைக் கிடங்குக்குக் கூட்டிப்போனாள். ஏழாவது அலமாரி, கீழிருந்து இரண்டாவது இழுப்பறை. பஞ்சு மெத்தை இன்னும் இருந்தது. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். ஓரத்தில் நூல் கட்டிய சிறு சீட்டு: பித்தளை மூடி, பாரசீகம், உடற்பகுதி உடைந்தது. மாடியிலிருந்து மூடியைக் கொண்டுவந்து பொறுப்பாளரே பள்ளத்தில் வைத்தாள். குழந்தை தொட்டிலில் படுத்ததுபோல் படுத்துக்கொண்டது.

பொறுப்பாளர் அந்தச் சீட்டை மறுபடி ஒருமுறை படித்தாள்.

“ஏன்க்கா இத்தனை நாள் சொல்லல?”

“முதல்ல பயம்மா. அப்புறம் நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அது பயத்தவிடப் பெரிய தொல்லையாப் போச்சு.”

பொறுப்பாளர் அங்கேயே நின்று அச்சகத்துக்குப் பேசினாள். அந்த நாற்பது பக்கமும் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றாள். குரல் உடையாமல்தான் பேசினாள். பேசி முடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, தானாக வந்து சொன்னாள் என்று எழுதி எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் இனி எந்தச் சாமானிலும் அவள் கை படக்கூடாது. வருகிறவர்களின் பைகளை வாங்கி வைக்கிற இடத்தில் உட்கார்த்தினார்கள். பதினொரு நாள் பொறுப்பாளர் அந்த வழியாகப் போனாள், வந்தாள். தலை இந்தப் பக்கம் திரும்பவில்லை. தூசியக்கா பைகளை உயரவாரியாக அடுக்கினாள், நிறவாரியாக மாற்றி அடுக்கினாள், பொழுது போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் பொறுப்பாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரே நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“இன்னும் என்னென்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“எதைம்மா கேக்கறீங்க?”

“இருபத்தாறு வருஷத்துல பண்ணின எல்லாத்தையும். எந்திரிங்க.”

அரக்குப் பெட்டியின் முன் நின்றார்கள். “இதுக்கு ஒருதடவ எண்ணெய் போட்டுத் துடைச்சேன். மங்கிக் கிடந்துச்சு, பளபளன்னு இருக்கட்டும்னு.” பொறுப்பாளர் கண்ணை இறுக மூடித் திறந்து எழுதிக்கொண்டாள். மரமுகத்தின் முன், “இது அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. முகத்துல வெளிச்சம் படட்டும்னு நாந்தான் திருப்பி வச்சேன்,” என்றாள்.

“எந்த வருஷம்?”

“எங்க சின்ன மாமியார் மக ரெண்டாவது பிரசவத்துக்கு வந்த வருஷம்.”

“அது எந்த வருஷம்க்கா?”

தூசியக்கா விரல் விட்டு எண்ணினாள். அந்தக் குழந்தை இப்போது என்ன படிக்கிறது, அதற்கு முன் பிறந்தது எத்தனை வயது மூத்தது என்று கூட்டிக் கழித்து, வருடத்தை மாதத்தோடு சொன்னாள். பொறுப்பாளர் பேனாவை நிறுத்தி அவளை ஒருமுறை பார்த்தாள்.

மூன்றாவது பெட்டியில் வெள்ளைக் கிண்ணம். அதற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. “நான் வேலைக்கு வந்தப்ப இந்த விரிசல் நகத்தளவுதான்மா. எங்க வீட்டுக்காரர் தவறின வருஷம் இந்த இலை வரைக்கும் வந்துச்சு. மாடிக்குக் கொண்டாந்தப்புறம்தான் இவ்வளவு தூரம்.”

பொறுப்பாளர் குனிந்து கண்ணாடிமேல் அளவுகோலை வைத்தாள். “இது எந்தப் பதிவேட்டுலயும் இல்லக்கா,” என்றாள் மெதுவாக. பிறகு காவலாளியைக் கூப்பிட்டு முக்காலியை எடுத்துவரச் சொன்னாள்.

தூசியக்கா உட்கார்ந்தாள். தொடக்கூடாது என்ற உத்தரவு உத்தரவுதான். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அடுத்த சாமானை முகவாயால் காட்டினாள்.

“இந்தக் குதிரை இருக்கு பாருங்க. இது கதை பெருசு, எழுதிக்கங்க.”