உள் வளையத்தில் விழுந்த அடி

மாமனார் வீட்டுக்கு நான்தான் மூத்த மாப்பிள்ளை. ஆனால் பாபநாசம் பக்கத்திலிருக்கும் அந்த வீட்டில் எது பழுதானாலும் கூப்பிடுவது என் சகலையைத்தான். மனைவியின் தங்கை கணவர், பள்ளி ஆசிரியர். கைப்பேசியில் பார்த்தே மிக்சியைச் சரிசெய்வார், மோட்டாரைச் சரிசெய்வார். நான் ஐந்தாம் வகுப்பு, டிராக்டர் ஓட்டுகிறவன். எனக்கும் மோட்டார் தெரியும். யாரும் கேட்டதில்லை.

ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்துச் செடி அவருடைய பழைய காரின் பின்சக்கரத்தில் சுற்றி, மண்ணைத் தடுக்கும் ரப்பர் மூடியைக் கிழித்து, மண் புகுந்து, பேரிங் போய்விட்டது. மறுநாள் எல்லாரும் அதில்தான் திருவிடைமருதூர் கோயிலுக்குப் போவதாக இருந்தோம்.

"மெக்கானிக் எதுக்கு? நானே மாத்திடுறேன்" என்றார் சகலை.

மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "சின்ன மாப்பிள்ள கை வச்சா தப்பாது." பிறகு கழற்றி வைத்திருந்த பிரேக் டிரம்மைக் காட்டி என்னிடம், "நீங்க அந்த டிரம்ம ஆடாம புடிச்சுக்கிட்டா போதும்."

பிடித்துக்கொண்டேன். சகலை புது பேரிங்கை டிரம்மின் குழியில் வைத்து, அதன் உள் வளையத்தின்மேல் இரும்புக் குழாயை நிறுத்தி, சுத்தியலை எடுத்தார். தப்பான இடம். குழியில் இறுக்கமாக உட்கார வேண்டியது வெளி வளையம். அடி அதன்மேல்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் நடுவிலிருக்கும் குண்டுகள் வழியாக அடி இறங்கும், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. என் டிரெய்லரில் ஒன்றைக் கெடுத்துத்தான் நானே கற்றேன். உடைந்த பழைய பேரிங்கின் வெளி வளையம் காலடியில் கிடந்தது. அதைப் புதியதன்மேல் வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டினால் போதும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் என் மனைவி காப்பியை முதலில் அவருக்கு நீட்டினாள். "எங்க வீட்லயும் ஒருத்தரு இருக்காரே தம்பி, வாயில கொழுக்கட்டையோட!"

நான் டிரம்மை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஐந்து அடி. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் இறங்கியது.

மறுநாள் கும்பகோணம் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு முனகல். "ரோடு சத்தம்" என்றார் சகலை. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. போகப் போக முனகல் கரகரப்பானது. என் மடியில் அவருடைய சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய நிறுத்துங்க சகல."

இறங்கிச் சக்கரத்தின் நடுவில் கை வைத்த சகலை சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள் வளையத்தில் அடித்ததுதான் காரணம் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"அடிக்கும்போது பக்கத்துலதானே இருந்தீங்க? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

மாமனார் முந்திக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்காகப் பேசியது அதுதான் முதல்முறை.

"அவரு கூச்சப்படுற ஆளு மாப்பிள்ள. ஊருக்கே தெரியும். பாவம், அவரப் போயி கேக்குறீங்களே."

ஆமாம் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி மட்டும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.