வழியனுப்பி வைத்தும் போகாதவள்

ஊரார் கவலையைக் கேட்பது உளவியல் படித்தவர்களின் தொழில். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத எங்கள் கவலையைக் கேட்கத்தான் ஆளில்லை. என்னைப் போலவே பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வெளிநாட்டுக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கும் சக பாவிகளே, கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பூசையில் என் பெயர்

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆலோசனை மையம் என்னை வீடியோவில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. கூப்பிட்டதுதான். அன்றைக்கே அம்மா எங்கள் ஊரான பாகான் டாலாம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். ஞாயிறு பூசையில் ஃபாதர், வெளிநாடு செல்லும் சகோதரி ஸ்டெல்லாவுக்காக மன்றாடச் சொன்னார். மாதர் சங்கத்து அக்காமார் சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, கட்டிப்பிடித்து அழுதார்கள். இன்னும் வேலையே கிடைக்கவில்லையே அம்மா என்றேன்.

"கூப்பிட்டுட்டாங்கல்ல, அப்புறம் என்ன? ஜெபத்த முன்னாடியே போட்டு வச்சா நல்லதுதானே."

அடுப்படியிலிருந்து ஒரு சிபாரிசு

"எல்லா முடிவையும் குடும்பமே எடுக்கும் ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் திரையில் இருந்த அம்மையார். நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியில் இருக்கச் சொல்லியிருந்த அம்மா என் பின்னால் வந்து நின்று, இவளுக்குச் சமைக்கவும் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அம்மையார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி மனக்கோட்டை கட்டினேன், இவ்வளவு படித்தும்.

"உங்களைப் பிடித்திருக்கிறது. ஆலோசனை சொன்ன அனுபவம் உண்டென்று இப்போதைய முதலாளியிடம் ஒரு கடிதம் மட்டும் வாங்கி அனுப்புங்கள்."

டிஷ்யூ

மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் நான் கிளார்க். நான்கு வருடமாக, லைனில் யார் அழுதாலும் மேனேஜர் என்னிடம்தான் அனுப்புவார். புருஷனிடம் அடிவாங்கியவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், எல்லாரும் என் மேசைக்குத்தான். மேனேஜரின் பெண்சாதி பிரிந்து போனபோது அவரும் அங்கேதான் உட்கார்ந்து அழுதார். கடிதம் கேட்டேன். எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

"டிஷ்யூ நீட்டுனதுக்கெல்லாம் லெட்டர் தர முடியாதுலா, ஸ்டெல்லா."

சிவப்புப் பெட்டி

கடிதம் இல்லை, அதனால் வேலையும் இல்லை. ஆனால் வழியனுப்பி வைத்தவர்கள் ஞாயிறுதோறும் என்னைப் பார்த்து "இன்னும் போகலையா?" என்றார்கள். வெட்கமாக இருந்தது. கோயிலுக்குப் போகவே பிடிக்கவில்லை. அம்மா மட்டும் எல்லாரிடமும் விசா வந்துகொண்டே இருக்கிறது என்று சாதித்தார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அந்தோணி வந்தான். வெல்டர். சிங்கப்பூரில் ஒரே போன்காலில் வேலை கிடைத்துவிட்டதாம். தயங்கித் தயங்கிப் பெட்டியைக் கேட்டான். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தூசி துடைத்துக் கொடுத்தார். அப்போதுதான், நான் போகமாட்டேன் என்று அம்மாவுக்கும் தெரிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தோணி வாசலில் நின்று திரும்பினான்.

"அக்கா, நீங்க போறதுக்குள்ள கொண்டாந்து கொடுத்துடுறேன். ரெண்டு வருசக் கான்ட்ராக்ட்தான், அவசரம் இல்லதானே?"

ஊரே மன்றாடியது வீண்போகவில்லை: நான் போகாவிட்டாலும் என் பெட்டி வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டது.