எங்கள் வீட்டில் முதலில் கேட்கும் குரல்

காலையில் எங்கள் வீட்டில் முதலில் கேட்கும் குரல் என்னுடையது அல்ல. என் மனைவியுடையதும் அல்ல. அது ஒரு பாடகருடையது. அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சேர்ந்துதான் குடித்தனம் நடத்துகிறேன்.

நான் தமிழாசிரியன். எனக்கும் என் மனைவிக்கும் சொந்த ஊர் கொல்லிமலை அடிவாரம். இரண்டு பக்கமும் காடு தோட்டம் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள். மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு வேலை போட்டதும் எல்லோரும், "சீக்கிரம் மாத்தல் வாங்கிட்டுக் கீழ வந்துரு" என்றார்கள். எங்களுக்கு இந்தக் குளிர் பிடித்துப் போனது. செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. வீட்டுக்கார அக்காவுக்கு மலைமேலேயே திருப்புலி நாடு என்ற ஊர்ப் பக்கம் மிளகும் மரவள்ளியும் உண்டு. வெயில் அடிக்கிற நாளில் எங்கள் வாசலில் மிளகைக் கொட்டிக் காயவைத்துவிட்டு, காக்கா விரட்டுகிற சாக்கில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருப்பார்.

விடிவதற்குள் என் மனைவி எழுந்துவிடுவாள். சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்கும் புளி டப்பாவுக்கும் நடுவில், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வாங்கித் தந்த ஸ்பீக்கர் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பனி மூடிக் கிடக்க, உள்ளே அவர் தொடங்குவார். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பேன்.

"ஏம் புள்ள, காப்பி?"

அவள் திரும்பாமல் ஒரு விரலை மட்டும் தூக்குவாள். "இருங்க. நெரவல் முடியட்டும்."

ஒரே வரியை எடுத்துக்கொண்டு அதையே விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவதுதான் நிரவல். அந்த ஒரு வரி முடிவதற்குள் பால் பொங்கி அடங்கிவிடும். நான் ஒரு விஷயத்தை இரண்டாவது முறை சொன்னால் மட்டும், "அதான் சொல்லிட்டீங்களே" என்பாள்.

கல்யாணமான வாரம், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். யாராவது சினிமா நடிகரைச் சொல்வாள், கொஞ்சம் கேலி செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அவள் எழுந்து போய், புடவைகளுக்கு அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த கேசட்டுகளை எடுத்து வந்தாள். அட்டையில் விபூதிப் பட்டையோடு ஒருவர், கண்ணை மூடிக் கையை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். அப்போதே முன்தலை வழுக்கை, கொஞ்சம் தொந்தி. எனக்கு நிம்மதியாகப் போனது. எவ்வளவு முட்டாள்தனம்! அழகான ஆளாக இருந்திருந்தால் வயதானதும் பிரச்சினை தீர்ந்திருக்கும். குரலோடு அப்படி முடியாது.

சின்ன வயதில் அவள் நாமக்கல்லில் ஒரு டீச்சரிடம் சில வருடங்கள் பாட்டுக் கற்றிருக்கிறாள். கல்யாணம் நிச்சயமானதும் அது நின்றுவிட்டது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம், நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்த டீச்சர் வீட்டில்தான் இவர் குரலை முதலில் கேட்டிருக்கிறாள். அதாவது, எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தவர்.

நானும் குரலை வைத்துப் பிழைக்கிறவன்தான். மழை நாளில் வகுப்பறைத் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, சாயங்காலம் வீடு திரும்பும்போது என் தொண்டை தேங்காய் துருவுகிற மாதிரி கரகரக்கும். அவள் மிளகுப் பால் காய்ச்சித் தருவாள். அதை நான் குடித்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு மூச்சு விடாமல் மூன்று ஸ்தாயியிலும் போய் வந்துகொண்டிருப்பார்.

பொறுக்க முடியாமல் அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். இசையில் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் தமிழ்ப் பாட்டென்றால் விடுவேனா?

"கேட்டியா? 'ழ' வர்ற எடத்துல 'ள'ங்கறாரு. சொல்லை நடுவுல வெட்டி, பாதிய அடுத்த தாளத்துல போடறாரு. அர்த்தமே மாறிப் போகுதில்ல?"

அவள் மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "வார்த்தைய நீங்க பாத்துக்கங்க. மத்ததெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

அந்த 'மத்ததெல்லாம்' என்ற சொல் என்னைப் பல நாள் குடைந்தது.

வீட்டுக்கார அக்கா வெகுநாளாக அதை என் மாமனார் குரல் என்றே நினைத்திருந்தார். "ஏங் கண்ணு, உங்கப்பாரு நல்லாப் பாடறாரு. ஒரு நா மேல கூட்டிட்டு வரப்படாதா?" என்று கேட்டார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுக்கவில்லை என்பதை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் அவர் சேலத்தில் பாடுவதாகச் செய்தி வந்தது. வயதாகிவிட்டது, வெளியூர்க் கச்சேரியை அனேகமாக விட்டுவிட்டார், இதுதான் இந்தப் பக்கம் கடைசியாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

மலையிலிருந்து இறங்குவதென்றாலே என் மனைவிக்கு ஆகாது. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே தலை சுற்றி வாந்தி எடுப்பாள். அவள் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகும்போதுகூட, பாதி வழியில் "என்னை இங்கியே எறக்கி உடுங்க" என்று அழுதவள். கச்சேரிக்குப் போன அன்று தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, தொடையில் மெல்லத் தாளம் போட்டபடி அடிவாரம்வரை வந்தாள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. வாந்தி எடுத்தது நான்தான். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டி, "என்னங்க சார், நீங்களே இப்படி?" என்றார். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மண்டபத்தில் நடுவரிசையில் இடம் கிடைத்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரை மேடையில் உட்கார வைத்தார்கள். கேசட் அட்டையில் இருந்தவர் பாதியாக வற்றிப் போயிருந்தார். பின்னால் தம்புராவோடு அவருடைய சிஷ்யை, ஒரு சின்னப் பெண்.

காம்போதியை எடுத்தார். எனக்கு ராகம் தெரியாது. பக்கத்திலிருந்து ஒரு மூச்சு போல அந்தப் பெயர் வந்தது. படிப்படியாக மேலே ஏறினார். உச்சியில் ஓர் இடத்தைத் தொடப் போகும்போது குரல் உடைந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் உடைந்து, வெறும் காற்று வந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் குரலும் என் குரலும் ஒன்று போல இருந்தன. என் மனைவி என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் நெஞ்சில் கையை வைத்து, உதட்டை லேசாகத் திறந்து, தன் மூச்சை அவருக்குக் கொடுக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தொண்டை கட்டிய எந்த நாளிலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மேடையில் அவர் சிரித்தார். வயலின்காரரைப் பார்த்து, போகட்டும் என்பது போலக் கையை அசைத்தார். பிறகு அந்த உச்சியை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். எட்டாத அந்த இடத்தின் அதே வளைவை அடிக்குரலில் பாடினார். அங்கேயே தங்கி, சின்னச் சின்னதாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சத்தத்தில் பாடிக்கொண்டே இருந்தார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போதுதான் எனக்கே கோபம் வந்தது. என்னையும் வளைத்துப் போடப் பார்க்கிறார் என்று தோன்றியது.

கச்சேரி முடிந்ததும் அவரைப் பார்க்க வரிசை நின்றது. என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவள் காலில் விழுந்து எழுந்தாள்.

"எங்கேருந்தும்மா வர்றேள்?"

"கொல்லிமலைங்க."

"அடடா, அங்கே குளிருமே. தொண்டைக்கு ஆகாதே! பாடுவியோ?"

"சின்னதுல கத்துக்கிட்டேனுங்க. அப்புறம் உட்டுட்டேனுங்க."

"விட்டா என்ன, அது எங்கே போகும்? இருக்கும், பாரு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவர்?"

"எங்க ஊட்டுக்காரருங்க. தமிழ் வாத்தியாருங்க."

அவர் சட்டென்று இரண்டு கையையும் கூப்பினார். "சார், நான் இன்னிக்குப் பாடின தமிழ்ப் பாட்டுல உச்சரிப்புத் தப்பு இருந்தா தயவுசெஞ்சு சொல்லணும். எங்களுக்கு யாரும் சொல்றதில்லை."

இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. பின்னால் வரிசை காத்திருந்தது. என் மனைவி என் வாயையே பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருந்துச்சுங்க ஐயா," என்றேன்.

மறுநாள் மலையேறும் பஸ்ஸில் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஊட்டுல அந்தக் குதி குதிச்சீங்க. அவரே கேட்டாருல்ல, சொல்றதுக்கென்னங்க?" ஒரு மனிதரை நன்றாக வெறுக்கக்கூட விடாமல் கையைக் கூப்பிவிட்டாரே என்பதுதான் என் ஆத்திரம்.

அதற்குப் பிறகு அவள் காலையில் ஸ்பீக்கரைப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தானே பாடினாள். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு திறந்தே வைத்துக்கொண்டு. நன்றாகவே பாடினாள். 'உன் குரல் நல்லா இருக்கு, பாடு' என்று கல்யாணமான புதிதில் நானும்தான் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லி வராதது, அவர் ஒரு வார்த்தை சொன்னதும் வந்துவிட்டது.

போன வருடம் மழைக்காலத்தில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தபோது அவர் இறந்த செய்தி வந்தது. முதலில் ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. அடுத்த நிமிடமே, இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் வந்துவிட்டது. அனுமதி கேட்டுவிட்டுச் சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கார அக்கா பக்கத்தில் அமர்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார். "வாங்க சார். மனசத் தேத்துங்க. பெரிய சாவுதானுங்களே," என்று எனக்கும் ஆறுதல் சொன்னார். அடுப்பு மூட்டவில்லை. அன்று ரசம் வைத்தது நான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்குதுங்க," என்று அழுதாள்.

உயிரோடு இருக்கிறவரோடு போட்டி போட்டால், என்றைக்காவது அவர் தவறு செய்வார் என்று காத்திருக்கலாம். செத்தவர் இனி ஒரு சுருதிகூட விலகப் போவதில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பாட்டே இல்லை. அந்த அமைதியிலும் அவர்தான் நிறைந்திருந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. செல்போனில் அஞ்சலிக் கூட்டங்கள் வரத் தொடங்கின. சிஷ்யர்கள், ரசிகர்கள், பிரமுகர்கள், ஒவ்வொருவராக வந்து, எனக்கு அப்பா மாதிரி, எங்கள் வீட்டில் ஒருவர் என்றெல்லாம் பேசினார்கள். என் மனைவியின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"இவங்களுக்கெல்லாம் அவரு யாருங்க?" என்றாள் ஒரு நாள். "போட்டோ எடுத்துக்கிட்டாப் போதுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இது என் நோய். எப்படியோ அவளுக்கும் தொற்றியிருக்கிறது.

அவளுக்கு மிகவும் எரிச்சல் அந்தச் சிஷ்யை மேல்தான். சேலத்தில் பின்னால் தம்புரா போட்ட பெண். குருவுக்கு அஞ்சலியாக அதே காம்போதியைப் பாடியிருந்தாள். அதை மகள் அனுப்பி வைத்தாள். என் மனைவி அடுப்படியில் நின்றபடியே, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"கொரலு இருக்குது. அதுக்காக அவரு மாதிரி ஆயிர முடியுமா? என்ன அவசரம் பாருங்க."

"அந்தப் புள்ள நல்லாத்தானே பாடுது?" என்றேன்.

நான் வாழ்நாளில் ஒரு பாடகியைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு உள்ளூர ஆனந்தம். அவள் கோபித்துக்கொண்டு இருந்ததற்குக் காரணம் நான்தான், வேறு யாரும் இல்லை.

ஆனால் அடுத்த நாள் காலை, அதையே மறுபடி போட்டாள். குருவுக்கு எட்டாமல் போன அந்த உச்சி வந்தது. அந்தப் பெண்ணின் குரல் தடையில்லாமல் போய் அங்கே நின்றது. நின்றது கொஞ்ச நேரம்தான். உடனே கீழே இறங்கி, அன்று மேடையில் அவர் பாடியது போல அதே வளைவை அடிக்குரலில் மெதுவாகப் பாடினாள். என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். பாட்டைத் திரும்ப அந்த இடத்துக்கே பின்னால் தள்ளி வைத்துக் கேட்டாள். பிறகு தானும் கூடவே சன்னமாகப் பாடிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளயும் அன்னைக்கு அங்கதான உக்காந்திருந்துச்சு," என்றாள், என்னிடம் இல்லை.

இப்போது காலையில் இரண்டு குரல்கள். அவர் கொஞ்ச நேரம், அந்தப் பெண் கொஞ்ச நேரம். என் காப்பி இன்னும் தாமதமாகிறது.

போன வாரம் சந்தையிலிருந்து பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவியும் வீட்டுக்கார அக்காவும் வாசலில் உட்கார்ந்து ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிஷ்யை அடுத்த மாதம் திருச்சியில் பாடுகிறாளாம்.

"நீங்க லீவு கீவு போட வேண்டாமுங்க," என்றாள் என் மனைவி. "பரீட்சை நேரம் வேற. நானும் அக்காவும் போயிட்டு வாரோம்."

"ஆமாங்க சார்," என்றார் அக்கா. "எனக்கும் அந்தப் பெரியவரு பாட்டுன்னா ஒரு இதுங்க. நா பாத்துக் கூட்டிட்டு வாரேன்."

'ஒரு இது'! எத்தனை நாளாக இது நடக்கிறது? நான் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு இரண்டு பேரும் தினமும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். பலாப்பழத்தைத் திண்ணையில் இறக்கி வைத்தேன்.

"நானும் வாரேன்," என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முன்னாடி வரிசையில ரெண்டு சீட்டுதானுங்க கெடச்சுது," என்றாள் அவள். "உங்களுக்கு எங்கியாச்சும் பின்னாடிதான் கெடைக்கும்."

"பரவால்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.