செவ்வாய்க்கிழமைச் சொடக்குத் தக்காளி

ஒப்துலியா எங்கள் பக்கத்து வீட்டு மருமகள். கல்யாணமான சில மாதங்களிலேயே புருஷன் நிக்கனோர் வேலைக்கென்று சிகாகோ போய்விட்டான். போகும்போது தன் அம்மா எவுலோகியாவிடம் கேட் சாவியைக் கொடுத்து, "இவள வெளிய விடாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். சாவி எவுலோகியாவின் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்தோடு தொங்கியது. ஒப்துலியா பூசைக்குப் போவதுகூட மாமியாரோடுதான்.

அடைபட்ட கொல்லையில் அவள், மெல்லிய உறைக்குள் பச்சையாகக் காய்க்கும் சொடக்குத் தக்காளியை விதைத்தாள். கோழி கொத்தியதுபோக ஒரே செடிதான் மிஞ்சியது. மஞ்சளாகப் பூத்துக் கொட்டியதே தவிர, பிஞ்சு பிடிக்கவில்லை.

"செடியும் உன்ன மாதிரிதான். சிங்காரிச்சு நிக்குது, ஒண்ணும் தரல," என்றாள் எவுலோகியா.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "ஒத்தச் செடி காய்க்காதுடி. பக்கத்துல இன்னொண்ணு வேணும்," என்றேன்.

"அப்ப என்னை எதுக்குக்கா திட்டுறாங்க? என் ஜோடி சிகாகோவுலல்ல இருக்கு!"

மாமியாருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இல்லை. மறுநாள் என்னிடமிருந்த சொடக்குத் தக்காளி நாற்றுகளில் சிலவற்றைச் சுவருக்கு மேல் நீட்டினேன்.

செப்டம்பரில் உறை வெடிக்க வெடிக்கக் காய்த்தது. எவுலோகியா வேளைக்கு வேளை பச்சைச் சட்னி அரைத்துத் தின்றாள். மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடையும் எடுத்துவைத்தாள்.

"நானும் வரேன் அத்தை. இல்லேன்னா பறிக்க மாட்டேன்."

"வாயப் பாரு! நானே பறிச்சுக்கிறேன் போ."

ஆனால் எவுலோகியாவுக்கு முழங்கால் மடங்காது. காய்கள் உதிர்ந்து மண்ணில் அழுகின. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நாளன்று, கேட் திறந்தது. சந்தையில் மருமகளின் சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் மாமியார். ஆனாலும் ஒப்துலியா பேரம் பேசினாள், சிரித்தாள், பெயர் கேட்டவர்களுக்கெல்லாம் பெயர் சொன்னாள்.

சில செவ்வாய்கள் அப்படிப் போயின. நவம்பரில் ஒரு விடியலில் உறைபனி விழுந்து செடிகள் கருகிவிட்டன.

"விக்க ஒண்ணுமில்ல. உனக்கென்ன சந்தை?" என்று எவுலோகியா கேட்டைப் பூட்டினாள்.

அதன்பின் ஒப்துலியாவின் குரலே கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சுவருக்கு மேல் அவள் கை மட்டும் தெரிந்தது.

"அக்கா, பனிக்குச் சாகாத விதை ஏதாச்சும் இருக்கா?"

என்னிடம் பட்டாணி விதை இருந்தது. உள்ளங்கை நிறையக் கொட்டினேன். விரல்கள் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கின. அது காய்க்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.